‘தவறான பயன்பாடு’ யாருடையது? வீட்டுப் பூச்சிமருந்துகளையும் சிறு குழந்தைகளையும் முன்வைத்து

1. ஒரு சொல், ஒரே அலமாரி

பூச்சி வந்தால் மருந்து அடிக்கிறோம். எலிக்கு மருந்து வைக்கிறோம். பேனுக்கு மருந்து தேய்க்கிறோம். அச்சிலும் அரசாணையிலும் ‘பூச்சிக்கொல்லி’ என்று இருந்தாலும் கடையில் அப்படிக் கேட்பவர் குறைவு. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் சங்கில் புகட்டுவதும் மருந்துதான். பெரியவர்களுக்கு இதில் குழப்பமில்லை. ‘மருந்தைக் குடிச்சிட்டான்’ என்று ஒருவர் ஓடிவந்து சொன்னால் கிராமத்தில் எவரும் விளக்கம் கேட்பதில்லை. சூழலை வைத்துப் பொருள் பிரிக்கும் அந்தத் திறமை இரண்டு வயதுக் குழந்தைக்கு வாய்க்கவில்லை. அதன் கண்ணில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும் வண்ணப் புட்டிகள்.

வீட்டுப் பூச்சிமருந்தால் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு: தவறாகப் பயன்படுத்திவிட்டார்கள். இக்கட்டுரை அந்தத் தொடரை மட்டுமே ஆராய்கிறது. தவறான பயன்பாடு எங்கே தொடங்குகிறது? ஒரே அறை, ஒரே சன்னல், தரையில் பாய், அதன்மேல் தவழும் குழந்தை என்று இருக்கும் வீட்டில் ‘சரியான பயன்பாடு’ நடைமுறையில் இயலுமா? பெற்றோரின் கவனக்குறைவே காரணமான நேர்வுகள் உண்டு. அவற்றை மறைக்கப் போவதில்லை. ஆனால் தவற்றின் பெரும்பங்கு பொருள் வீட்டுக்கு வருமுன்பே, அதன் வடிவமைப்பிலும் விற்பனையிலும் முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து.

2. அட்டை கற்பனை செய்யும் வீடு

கொசுவத்தி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் சில கட்டளைகள் இருக்கும். காற்றோட்டமுள்ள அறையில் பயன்படுத்தவும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். உணவுப் பொருள்களை மூடிவைக்கவும். தெளிப்பான் டப்பாவில் இன்னொன்றும் சேரும்: தெளித்தபின் அறையை மூடிவைத்து, சற்று நேரம் கழித்துத் திறந்து, காற்றோடவிட்டு உள்ளே செல்லவும்.

இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் வீட்டில் குறைந்தது இரண்டு அறைகள் வேண்டும். சன்னலைத் திறந்தால் கொசு வருகிறது என்பதால்தான் வத்தியே ஏற்றப்படுகிறது. வத்தியைத் துணிமணிக்குப் பக்கத்தில் உயரே வைத்தால் தீப்பிடிக்கும். ஆகவே அது தரையில்தான் எரியும். குழந்தை தூங்குவதும் தரையில். லிக்விட் புட்டியைச் செருகும் பிளக் பாயின்ட் பல வீடுகளில் சுவரின் அடிப்பகுதியில், தவழும் குழந்தையின் முகத்துக்கு நேராக இருக்கிறது. மருந்தடித்த இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார மறு அறை கிடையாது. கட்டளைகள் பொய்யல்ல. அவை வேறொரு வீட்டுக்கு எழுதப்பட்டவை.

கொசுவத்தியின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. ஜப்பானியத் தொழில்முனைவர் எய்ச்சிரோ உயெயாமா 1890இல் சாமந்தி இனத்துப் பூ ஒன்றின் பொடியை ஊதுவத்திபோல் குச்சியாகத் திரட்டினார். குச்சி ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. சுருளாக்கினால் நெடுநேரம் எரியுமே என்றவர் அவருடைய மனைவி யூகி. 1902இல் சுருள்வத்தி விற்பனைக்கு வந்தது. அந்த வடிவத்தின் நோக்கமே இரவு முழுதும் தூங்குபவர் அருகில் எரிவதுதான். ஏழெட்டு மணி நேரம் மூச்சுக்காற்றில் கலப்பதற்கென்றே உருவான பொருளின்மேல் ‘காற்றோட்டம் தேவை’ என்ற வரி பிற்பாடு ஒட்டப்பட்டது.

பூவின் பொடி இப்போது இல்லை. 1949இல் அமெரிக்க வேளாண்துறை வேதியியலாளர்கள் அதன் செயற்கை உறவினமான அலெத்ரினை உருவாக்கினார்கள். இன்று வத்திகளிலும் லிக்விடுகளிலும் இருப்பவை டிரான்ஸ்ஃப்ளுத்ரின், பிராலெத்ரின் முதலான பைரித்ராய்டுகள். கரப்பான் தெளிப்பானில் சைபர்மெத்ரின், இமிப்ரோத்ரின். எறும்பு சாக்பீஸில் டெல்டாமெத்ரின் அல்லது சைபர்மெத்ரின். சாக்பீஸைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை: குழந்தைகள் எழுதிப் பழகும் பொருளின் அச்சு அசலான வடிவத்தில் நஞ்சைச் செய்து, அதைக் குழந்தை எடுத்துக் கிறுக்கி வாயில் வைத்தபின் தாயைக் கடிந்துகொள்வதில் எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

இந்தியாவில் இவற்றை ஆள்வது 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டு விதிகளும். அட்டையிலுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்பது அந்த விதிகளின்படி முடிவாகிறது. சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்ல ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராம் தேவை என்பதே அளவுகோல். வாய்வழி அளவில் 50 மில்லிகிராம்வரை சிவப்பு, 500வரை மஞ்சள், 5,000வரை நீலம், அதற்கு மேல் பச்சை. உடனடி மரணத்தைப் பொறுத்தமட்டில் இது பயனுள்ள அளவுகோல். ஆனால் நிறத்தைத் தீர்மானிப்பவை வாய்வழி, தோல்வழி அளவுகள் இரண்டே. கொசுவத்தியை யாரும் தின்பதில்லை. மூச்சிழுக்கிறோம், அதுவும் ஆண்டுக்கணக்கில். பச்சை முக்கோணத்தைப் பார்த்து நிம்மதியடையும் தாய்க்கு, அந்தப் பச்சை அவளுடைய கேள்விக்கான விடையே இல்லை என்று சொல்ல அட்டையில் இடமில்லை.

3. தவழும் உடல்

குழந்தையைச் சிறிய அளவிலான பெரியவராகக் கணக்கிடுவதுதான் அடிப்படைப் பிழை. பெரியவர் நிமிடத்துக்குப் 12 முதல் 20 முறை மூச்சுவிட, பிறந்த குழந்தை 30 முதல் 60 முறை விடுகிறது. எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல்பரப்பு நம்முடையதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. தரையோடு தரையாக வாழ்கிறது. கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிறது. நாம் செருப்புக்காலோடு கடந்துபோகும் தரையை அது உள்ளங்கையால் துடைத்து நக்குகிறது.

உள்ளேயும் வேறுபாடு உண்டு. ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சுகளை உடைத்துச் செயலிழக்கச் செய்யும் பாராக்சனேஸ் என்ற நொதி, பிறந்த குழந்தைகளிடம் பெரியவர்களைவிடப் பல மடங்கு குறைவு. மூளையோ வளர்ந்துகொண்டிருக்கும் உறுப்பு. பூச்சியின் நரம்பைத் தாக்கவென்று தேர்ந்தெடுத்த வேதிப்பொருள் எந்த உறுப்பைத் தேடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தெளித்த மருந்து தெளித்த இடத்திலேயே நிற்பதுமில்லை. 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து தெளித்த வீடுகளில் பொம்மைகளைப் பிற்பாடு கொண்டுபோய் வைத்துச் சோதித்தது. அறைக்காற்றிலிருந்த மருந்து பிளாஸ்டிக் பொம்மைகளிலும் மெத்துப் பொம்மைகளிலும் படிந்தது. இரண்டு வாரம்வரை சேர்ந்துகொண்டே இருந்தது. மருந்தடிக்கும்போது பொம்மையை எடுத்து ஒளித்துவைத்து, மணம் போனதும் திருப்பிக் கொடுப்பதுதான் நம்மில் கவனமானவர்களின் வழக்கம். அந்தக் கவனமும் போதவில்லை.

4. ஆதாரங்களின் கனம்

அச்சுறுத்தும் எண்களை அளந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ‘ஒரு கொசுவத்தி நூறு சிகரெட்டுக்குச் சமம்’ என்பது எல்லாரும் கேட்டிருக்கும் வாசகம். அதன் மூலம் 2003இல் வந்த ஆய்வு. சீன, மலேசிய வத்திகளைச் சோதித்த அந்தக் குழு, ஒரு வத்தி வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுடையதற்கும், ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட்டுகளுடையதற்கும் நிகராகலாம் என்றது. ஒப்பீடு வெளியாகும் துகளின் அளவைப் பற்றியது. நூறு சிகரெட் பிடித்தவருக்கு வரும் நோய் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அது காட்டுவது வேறு: துகளில் பெரும்பகுதி பூச்சிமருந்திலிருந்து வருவதல்ல, வத்தியின் பெரும்பாகமான மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைத்தூள் ஆகியவை புகைந்து வருவது. எனவே ‘மூலிகை வத்தி’ என்று பெயர் மாற்றினாலும் புகை புகைதான்.

புற்றுநோய் பற்றிய ஆதாரம் இதைவிடச் சிக்கலானது. முந்தைய ஆய்வுகள் பலவற்றை ஒன்றுசேர்த்து 2015இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த மீளாய்வு, வீட்டுக்குள் பூச்சிமருந்துக்கு ஆட்பட்ட குழந்தைகளிடம் இரத்தப் புற்றுநோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 47 விழுக்காடு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. இத்தகைய ஆய்வுகளில் பெற்றோரின் நினைவையே நம்ப வேண்டியிருக்கிறது. நோயுற்ற குழந்தையின் தாய் ‘அன்றைக்கு என்ன அடித்தோம்’ என்று தோண்டித் துருவி நினைவுகூர்வாள், மற்றவள் மறந்திருப்பாள். தவிர, குழந்தை இரத்தப் புற்றுநோய் அரிதானது. அரிதான ஒன்று பாதியளவு கூடினாலும் அரிதாகவே இருக்கும். தொடர்பு இருக்கிறது, காரணம் என்று நிறுவப்படவில்லை. இவ்வளவுதான் நேர்மையாகச் சொல்லலாம்.

மூளை வளர்ச்சி குறித்த ஆதாரம் வலுவானது. வீட்டுக் கரப்பானுக்கு அமெரிக்கர்கள் தாராளமாக அடித்துவந்த குளோர்பைரிபாஸின் இல்லப் பயன்பாட்டைக் கைவிட 2000ஆம் ஆண்டு அங்கே உடன்பாடு ஏற்பட்டது. நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கர்ப்பிணிகளையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். கருவில் அதிகம் ஆட்பட்ட குழந்தைகள் மூன்று வயதில் வளர்ச்சிப் படிகளில் பின்தங்கியதை 2006இலும், ஏழு வயதில் அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்ததை 2011இலும் வெளியிட்டார்கள். நகரத்து ஏழை வீடுகளில் சாதாரணமாகப் புழங்கிய மருந்தின் விளைவு இது. அவர்கள் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று எவரும் குற்றம்சாட்டவில்லை.

குளோர்பைரிபாஸின் இடத்தைப் பிடித்தவைதாம் இன்று நம் வீடுகளில் உள்ள பைரித்ராய்டுகள். உடனடி நச்சுத்தன்மையில் இவை மிகக் குறைந்தவை. அது பெரிய முன்னேற்றம். ஆயினும் பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் நடந்த ‘பெலாஜி’ ஆய்வு, ஆறு வயதுக் குழந்தைகளின் சிறுநீரில் இவற்றின் எச்சம் கூடியிருந்தபோது மொழிப்புரிதல், செயல்நினைவு மதிப்பெண்கள் குறைந்திருந்ததை 2015இல் கண்டது. மறுபக்கம், பைரித்ராய்டுகளுக்காகக் குழந்தைகளுக்கென வைத்திருந்த கூடுதல் பாதுகாப்புக் காரணியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2019இல் மூன்று மடங்கிலிருந்து ஒன்றாக, அதாவது ஒன்றுமில்லாததாக, குறைத்தது. அறிவியல் இன்னும் முடிவுக்கு வராத நேரத்தில் சந்தேகத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும்? வேதிப்பொருளுக்கு என்று அந்த முகமை முடிவுசெய்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

5. கொசுவின் பக்கம்

இவ்வளவையும் படித்துவிட்டு ‘அப்போது கொசுக்கடியில் குழந்தை கிடக்கட்டுமா?’ என்று ஒரு தாய் கேட்டால் அது முழுக்க நியாயமான கேள்வி. டெங்குவில் குழந்தையை இழந்த குடும்பங்கள் தமிழகத்தில் இருக்கின்றன. ஆனால் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். நாம் வத்தி ஏற்றுவது இரவில். இரவில் காதோரம் ரீங்கரிப்பது பெரும்பாலும் சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ். இரவு வத்தியால் தூக்கம் கிடைக்கிறது, டெங்குவுக்கு எதிரான காப்பு பெரிதாகக் கிடைப்பதில்லை. மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் இரவில் கடிப்பதுதான். வத்தியால் மலேரியா தடைபடுவதற்கு ஆதாரமில்லை என்று 2004இல் ஒரு மீளாய்வு முடிவுகட்டியது. சீனாவின் யூன்னானில் டிரான்ஸ்ஃப்ளுத்ரின் வத்தியைச் சோதித்து 2014இல் வந்த ஆய்வு, நோய் பெருமளவு குறைந்ததைக் காட்டி அம்முடிவை அசைத்தது. ஆக, பயன் இல்லை என்றும் சொல்வதற்கில்லை.

மருந்து தோய்த்த கொசுவலையை இங்கே நினைக்க வேண்டும். அதிலிருப்பதும் பைரித்ராய்டுதான். உலக சுகாதார நிறுவனம் கைக்குழந்தைகளுக்கே அதைப் பரிந்துரைக்கிறது. இழையில் பிணைந்த நஞ்சு மூச்சில் கலப்பது மிகக் குறைவு, எரிவதில்லை, புகைவதில்லை. ஒரே வேதிப்பொருள் ஒரு வடிவத்தில் காப்பாகவும் மற்றொன்றில் கேடாகவும் நிற்கிறது. மருந்து தோய்க்காத சாதாரண வலையும் சன்னல் வலையும்கூட வேலைசெய்யும். சன்னலுக்கு வலை அடிக்கும் செலவு வீட்டுக்காரருடையதா, குடித்தனக்காரருடையதா என்று வாடகை வீடுகளில் நடக்கும் பழைய வழக்கு தீராததால் எரிந்துகொண்டிருக்கும் வத்திகள் ஏராளம்.

6. வயலும் கிடங்கும் வீட்டுக்குள் வரும்போது

இனிச் சொல்வது, ‘தவறான பயன்பாடு’ என்ற சொல் உண்மையிலேயே பொருந்தும் இடம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியார் பூச்சி ஒழிப்பு நிறுவன ஊழியர்கள் எலிமருந்து வைத்துவிட்டுப் போனார்கள். குடும்பம் அன்றிரவு ஏ.சி. போட்டு, கதவை அடைத்துத் தூங்கியது. ஆறு வயதுச் சிறுமியும் ஒரு வயதுக் குழந்தையும் இறந்தார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் தாமே எதையும் தெளிக்கவில்லை. தொழில் தெரிந்தவர்கள் என்று நம்பிப் பணம் கொடுத்து அழைத்தார்கள்.

இத்தகைய நேர்வு உலகத்துக்குப் புதிதல்ல. 2010 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து லேட்டன் நகரில், வீட்டைச் சுற்றியிருந்த எலிவளைகளில் தொழில்முறைப் பணியாளர் அலுமினியம் பாஸ்பைடு வில்லைகளை வைத்தபின், நான்கு வயதும் பதினைந்து மாதமும் ஆன சகோதரிகள் இறந்தார்கள். சில வாரங்களிலேயே குடியிருப்புகளில் அந்த வில்லைகளைப் பயன்படுத்துவது அங்கே தடைசெய்யப்பட்டது. 2017 ஜனவரியில் டெக்சாஸின் அமரில்லோவில், வீட்டுக்கடியில் போட்டிருந்த அதே மருந்தைக் குடும்பத்தவர் தண்ணீர் ஊற்றிக் கழுவ முயன்றதில் நான்கு குழந்தைகள் மாண்டார்கள். தண்ணீர்தான் அந்த மாத்திரையைப் பாஸ்பீன் வாயுவாக மாற்றுகிறது. அழுக்கு என்றால் கழுவு என்று கை தானாகச் செய்யும் செயலே கொலையாயிற்று. பாஸ்பீன் காற்றைவிடச் சற்றே கனமானது, மாற்றுமருந்து கிடையாது. தானியக் கிடங்குக்கென்று உண்டானது இது. இந்தியாவிலும் அரசு நிறுவனங்களும் பூச்சி ஒழிப்பு நிறுவனங்களும் மட்டுமே, நிபுணர் மேற்பார்வையில் பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்பாடு இருக்கிறது. அரிசி மூட்டைக்கு வண்டு வரக்கூடாதென்று தெரிந்தவரிடம் நான்கு மாத்திரை வாங்கிவந்து படுக்கையறையில் வைப்பவருக்கு அந்தக் கட்டுப்பாடு தெரியாது.

எலி பேஸ்ட் இன்னொரு வகை. மஞ்சள் பாஸ்பரஸ் 3 விழுக்காடு கலந்த இந்தப் பசை பற்பசைக் குழாய் போலவே இருக்கும். தக்காளியிலோ பிஸ்கட்டிலோ தடவி மூலையில் வைப்பார்கள். எலிக்குப் பிடித்தது குழந்தைக்கும் பிடிக்கும். தின்றபின் முதல் நாளில் வயிற்றுக் கோளாறு தணிந்து குழந்தை தேறியதுபோல் தோன்றும். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் செயலிழக்கும். வேலூர் சி.எம்.சி. கல்லீரல் மருத்துவர்கள் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையால் சிலரைக் காப்பாற்றிவருகிறார்கள். இந்தப் பசைக்குத் தமிழக அரசு தடை விதித்திருப்பது சரியான திசை. குழந்தை இறப்புகளைவிடத் தற்கொலைகளே அந்த முடிவுக்குத் தூண்டுதல் என்றாலும் பலன் குழந்தைகளுக்கும் உண்டு.

வயல் மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது, பேனுக்கென்று அதைப் பிள்ளையின் தலையில் தேய்ப்பது, கரப்பானுக்கு அதையே நீர்க்கலந்து சமையலறையில் அடிப்பது: இவை ஐயமின்றித் தவறுகள். ஆனால் கால் லிட்டர் வேண்டியவருக்கும் ஒரு லிட்டர் விற்று, மீதியை என்ன செய்வதென்று சொல்லாமல் அனுப்பும் கடைக்கும் அதில் பங்குண்டு.

7. ‘இயற்கை’ என்ற ஆறுதல்

பழைய வேட்டியும் நூல்சேலையும் தூளிக்கும் இடுப்புத்துணிக்கும் ஆகும் என்று பீரோவில் எடுத்துவைப்பது நம் வீடுகளின் வழக்கம். கூடவே நாலு பாச்சை உருண்டை. நாப்தலின் ஊறிய அந்தத் துணியைத் துவைக்காமல் சுற்றினால், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தையின் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரும். கிரேக்க மருத்துவர்கள் 1963இலேயே பிறந்த குழந்தைகளிடம் இதைப் பதிவுசெய்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் நாப்தலின் உருண்டைகளை விலக்கியது. நம் ஊரில் கழிவறை மணத்துக்குக்கூட அதைத்தான் போடுகிறோம்.

சூடம் பூசையறையில் இருப்பதால் அது நஞ்சென்று யாரும் நினைப்பதில்லை. விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். சளிக்கும் கொசுவுக்கும் சூடம் கரைத்த எண்ணெயைக் கைக்குழந்தையின் நெஞ்சிலும் மூக்கருகிலும் தடவுவதை நிறுத்துவது நல்லது. குளிப்பாட்டியபின் காட்டும் சாம்பிராணிக்கும் நொச்சிப் புகைக்கும் நான்காம் பகுதியில் வத்திப் புகை பற்றிச் சொன்னதே பொருந்தும்.

8. நேர்ந்துவிட்டால்

லிக்விட் புட்டியில் மருந்து சொற்பம். மீதி பெரும்பாலும் மண்ணெண்ணெய் இனத்துக் கரைப்பான். அதைக் குடித்த குழந்தையை வாந்தியெடுக்க வைத்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும். உண்மையான ஆபத்து அப்போதுதான் தொடங்கும். உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், தொண்டையில் விரல், எதுவும் வேண்டாம். பாஸ்பரஸ் பசை என்றால் கொழுப்புள்ள பாலும் கூடாது. மேலே பட்டிருந்தால் துணியைக் களைந்து சோப்பிட்டுக் கழுவலாம். கண்மணி சுருங்கி, எச்சில் ஒழுகி, வியர்த்து, மூச்சு இழுத்தால் ஆர்கனோபாஸ்பேட்டாக இருக்கலாம். அதற்கு அட்ரோபின் என்ற மாற்றுமருந்து அரசு மருத்துவமனைகளில் உண்டு. பைரித்ராய்டுக்கு அது தேவைப்படாது. எலி பேஸ்ட் என்றால் குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும்.

108ஐ அழைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கும்போது மறு கையில் அந்தப் புட்டியையோ அட்டையையோ தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்கப்போவது ‘என்ன மருந்து?’ என்றுதான்.